டாக்டர் ஓட்டின வண்டி ஸார்!

"டாக்டர் வண்டி ஸார்! சிங்கிள் ஓனர். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் போகும். ஞாயித்துக்கிழமை கோயில். மழையிலே வெளியே எடுத்ததே கிடையாது!"

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போன எவரும் இந்த வசனத்திலிருந்து தப்பியிருக்க முடியாது. தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களை எல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டினார்கள் என்றால், நமக்கு ஜுரம் வரும்போது கிளினிக்கில் ஏன் இவ்வளவு கூட்டம்? டாக்டர் அகப்படாத புரோக்கர் 'பேங்க் மேனேஜர் வண்டி' என்பார். அதுவும் இல்லையா, இருக்கவே இருக்கிறது 'லேடீஸ் ஓட்டின வண்டி'. 'மூணு டிரைவர் மாத்தி மாத்தி ஓட்டின வண்டி ஸார்' என்று சொன்ன புரோக்கர் இன்னும் பிறக்கவில்லை.

நம்ம ஆளைப் பார்ப்போம். வயசு முப்பத்திரண்டு. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் உத்தியோகம். மனைவி, ஒரு குழந்தை. ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்தாச்சு. மாமியார் அவ்வப்போது வந்து போவார். பைக்கில் மூணு பேர் போனால் போலீஸ் பிடிக்கும். ஆறு பேர் போனால் சர்க்கஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வருஷத்துக்கு ரெண்டு தடவை குலதெய்வம் கோயில். மச்சினி வீட்டு விசேஷம் தனி. கையில் நாலரை லட்சம் இருக்கிறது. பாதி அவருடைய சேமிப்பு, மீதி அப்பாவின் ரிடையர்மென்ட் பணம். போனால் திரும்பி வராத காசு.

இப்படிப்பட்ட குடும்பத்துக்காகவே வெளிநாட்டில் 'ஸ்டேஷன் வேகன்' என்று ஒரு ஜாதி உண்டு. சாதாரண கார்தான், பின்பக்கத்தை மட்டும் கூரையோடு நீட்டி சாமான் வைக்க இடம் பண்ணியிருப்பார்கள். நம்ம ஊரில் 1992-ல் டாடா 'எஸ்டேட்' வந்தது. அப்புறம் மாருதி பலேனோ ஆல்ட்யூரா, ஓப்பல் கோர்ஸா ஸ்விங், ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று வரிசையாக வந்து பார்த்தன. ஒன்றும் நிலைக்கவில்லை. கம்பெனிக்காரன் 'இது சாமான் வைக்கிற இடம்' என்று காட்டிய இடத்தை நம்ம ஜனங்கள் பார்த்து, 'இங்கே இன்னும் ரெண்டு பேர் உட்காரலாமே' என்றார்கள்! அந்த ரெண்டு பேருக்கு ஸீட் போட்டுக் கொடுத்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். 2000-லிருந்து 2005 வரை குவாலிஸ், 2005-ல் இன்னோவா, 2012-ல் எர்ட்டிகா... ஸ்டேஷன் வேகனின் இடத்தில் இன்றைக்கு உட்கார்ந்திருப்பது இந்த ஏழு ஸீட்டர் கோஷ்டிதான். ஆகவே நம்ம ஆள் தேட வேண்டியதும் இந்தத் தெருவில்தான்.

தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் கையைப் பிடித்து இழுப்பது இன்னோவா. "வாங்கினா இன்னோவா வாங்குங்க மாப்ளே. அஞ்சு லட்சம் கிலோமீட்டர் அசால்ட்டா ஓடும்" என்பார் மச்சான். அவர் சொல்வதில் தப்பில்லை. அந்த 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் நிஜமாகவே உழைப்பாளி. ஆனால் நாலரை லட்சத்துக்கு வரும் இன்னோவா, அந்த உழைப்பில் பெரும் பகுதியை உங்களுக்கு முன்னாலேயே முடித்துவிட்டு வந்திருக்கும்! பெரிய வண்டி என்பதால் டயர், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் செலவு பெரிய வண்டிச் செலவுதான். விலை குறைந்ததே தவிர ஸ்பேர் பார்ட்ஸ் விலை குறையவில்லை.

இன்னொரு சங்கதி. சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. செல்லுபடியாவது பதினைந்து வருஷம். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி வேறு. ஆகவே 2005, 2006 இன்னோவா குறைந்த விலைக்குக் கிடைத்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். ஆர்.சி. எந்தத் தேதி வரை உயிரோடு இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

என் ஓட்டு எர்ட்டிகாவுக்கு. அதிலும் 2012-லிருந்து 2018 வரை வந்த முதல் தலைமுறை, 1.4 லிட்டர் பெட்ரோல். காரணம் கவர்ச்சி அல்ல. அது ஒரு நீட்டின ஸ்விஃப்ட். தாலுகா தலைநகர் மெக்கானிக் கூட மேனுவலைத் தேடாமல் கை வைப்பார். மூணாவது வரிசையை மடக்கினால் அசல் ஸ்டேஷன் வேகன். நிமிர்த்தினால் ஏழு பேர். ஆனால் ஒன்று, ஏழு பேரும் ஏறிவிட்டால் பின்னால் மிஞ்சும் டிக்கி 135 லிட்டர்தான். ஆளுக்கு ஒரு மஞ்சப்பை! பெட்டி படுக்கையெல்லாம் கூரை மேல் கேரியரில்.

மற்றவர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ஈக்கோ மலிவு, எளிமை. ஏழு ஸீட் ஈக்கோ பெரும்பாலும் ஏ.ஸி. இல்லாமல்தான் வந்தது, மே மாசம் மதுரைக்குப் போகும்போது எளிமையின் அர்த்தம் புரியும். ட்ரைபர் 2019-ல் வந்தது, நாலு மீட்டருக்குள் ஏழு ஸீட்டை அடக்கிய கெட்டிக்காரத்தனம். ஆனால் ஒரு லிட்டர் இன்ஜின், ஏழு பேரோடு ஏற்காடு ஏறும்போது மூச்சு வாங்கும். ஹோண்டா மொபிலியோ, ரெனோ லாட்ஜி ரெண்டுமே நல்ல வண்டிகள். முன்னது 2017-லும் பின்னது 2020-லும் கடையைக் கட்டிவிட்டதால் விலை சல்லிசாக வரும். பெரிய ஊரில் இருந்து, தெரிந்த மெக்கானிக்கும் இருந்தால் யோசிக்கலாம். டவேரா தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. விட்டுவிடுங்கள்.

"டீசல் எடுத்தா மைலேஜ் ஸார்!" என்பார்கள். எர்ட்டிகா வந்த 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அதனால்தான் அன்றைக்கு ஊரே டீசல் வாங்கியது. இன்றைக்கு அந்த வித்தியாசம் பத்து ரூபாய்க்குள் சுருங்கிப் போச்சு. மாசம் 600 கிலோமீட்டர் ஓட்டும் நம்ம ஆளுக்கு டீசலால் மிச்சமாவது ஆயிரத்துச் சொச்சம். பழைய டீசலில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒரு தடவை மக்கர் செய்தால் ஒரு வருஷத்து மிச்சம் ஒரே பில்லில் போகும். தினம் அறுபது, எழுபது கிலோமீட்டர் ஓட்டுபவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு கட்டுப்படியாகும்.

சரி, மாடலை முடிவு செய்தாச்சு. உண்மையான வேலை இனிமேல்தான். ஒரே வருஷம், ஒரே மாடல், ஒரே கலரில் ரெண்டு எர்ட்டிகா நிற்கும். ஒன்று உங்களோடு பத்து வருஷம் குப்பை கொட்டும். இன்னொன்று பத்தாவது நாளே ஒர்க்ஷாப்பில் குடியேறும். வித்தியாசம் வண்டியில் இல்லை, அது வாழ்ந்த வாழ்க்கையில்! பெண் பார்க்கப் போகும்போது அக்கம்பக்கத்தில் விசாரிப்பதில்லையா, அது மாதிரி.

மீட்டர் சொல்லும் கதை

பத்து வருஷ வண்டி, மீட்டரில் 40,000. அப்படியானால் வருஷத்துக்கு நாலாயிரம், நாளைக்குப் பதினோரு கிலோமீட்டர். அந்த டாக்டருக்குப் பேஷன்ட்டே வரவில்லையா? நடக்காது என்று சொல்லவில்லை. நடந்திருந்தால் வண்டியின் மற்ற உறுப்புகளும் அதையே சொல்ல வேண்டும். பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். வரி வரியாக இருக்க வேண்டிய ரப்பர் மொட்டைத் தலையாக இருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. ரப்பர் மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தால் ஓனர் பொய் சொல்கிறார். ஸ்டியரிங்கின் வழவழப்பு, டிரைவர் ஸீட்டின் வெளி விளிம்பு, கியர் குமிழ் இவையெல்லாம் சாட்சிகள். அந்தக் காலத்தில் மீட்டரைத் திருப்ப ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். டிஜிட்டல் மீட்டருக்கு ஒரு லேப்டாப் போதும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "ஸர்வீஸ் பில் இருக்கா ஸார்?" இல்லை என்றால், அந்த ஓனரையே அழைத்துக்கொண்டு கம்பெனி ஸர்வீஸ் சென்டருக்குப் போய், வண்டி நம்பரைச் சொல்லி ஹிஸ்டரி வாங்கித் தரச் சொல்லுங்கள். என்றைக்கு வந்தது, அன்றைக்கு எத்தனை கிலோமீட்டர், என்ன மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் ஒப்பிக்கும். 2018-ல் 85,000 காட்டிய வண்டி இன்றைக்கு 62,000 காட்டினால் அது ரிவர்ஸிலேயே ஓடியிருக்க வேண்டும். "அதெல்லாம் எதுக்கு ஸார், வண்டியைப் பாருங்க" என்று ஓனர் நழுவினால் நீங்களும் நழுவிவிடுங்கள்.

ஏழு ஸீட்டர் வாங்குபவர்களுக்கு மட்டும் இன்னொரு கண்டம் உண்டு. டி-போர்டு! டாக்ஸியாக ஓடிய வண்டியை ஓன் போர்டாக மாற்றுவது சட்டப்படி சரிதான். அதை மறைத்து, ஓன் போர்டு விலைக்கு விற்பதுதான் வில்லங்கம். எர்ட்டிகாவின் டாக்ஸி அவதாரத்துக்கு 'டூர் எம்' என்று பெயர். ஆர்.சி.யில் அந்த வார்த்தை தென்பட்டால் கதை முடிந்தது. பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள், அதில் டாக்ஸி என்று இருக்கும். வாடகை வண்டிக்கு 80-க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவார்கள். அதைக் கழற்றின வயர் ஏதாவது தொங்குகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்ஸியாக ஓடினது பாவம் ஒன்றுமில்லை, அந்த விலைக்குக் கொடுத்தால்!

தண்ணியில் கண்டம்

2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை கார்கள் மிதந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும். அதே மாசம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம். முழுகின வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. காய வைத்து, கழுவி, ஸென்ட் அடித்து வேறு ஊரில் விற்பனைக்கு நின்றவையும் உண்டு. இதுதான் ரொம்ப ஆபத்து. இன்ஜின் கோளாறு சத்தம் போட்டுச் சொல்லிவிடும். வயருக்குள் புகுந்த தண்ணி, ஆறு மாசம் கழித்து, ராத்திரி பதினோரு மணிக்கு, விக்கிரவாண்டி தாண்டி, குழந்தை தூங்கும்போது லைட்டை அணைக்கும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. ஸீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கழுவினவர்கள் ஸீட்டைக் கழுவியிருப்பார்கள், பெல்ட்டின் சுருண்ட அடிப்பகுதியை மறந்திருப்பார்கள். அங்கே சேற்றுக் கறை ஒரு கோடாக நிற்கும். ஸீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் ரெயிலில் துரு இருக்கிறதா? கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி மோந்து பாருங்கள். (புரோக்கர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.) காரின் கதவைத் திறந்ததும் மல்லிகைப்பூ வாசனை தூக்கி அடித்தால், சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க ஃப்ரிட்ஜில் ஒட்டும் ஒரு சின்ன காந்தம் போதும். துணியில் சுற்றி, பாடியில் அங்கங்கே வைத்துப் பாருங்கள். டிங்கரிங் செய்து கனமாகப் பட்டி போட்ட இடத்தில் ஒட்டாது. பம்பரிலும் ஒட்டாது. அது பிளாஸ்டிக், அதற்காக ஓனரோடு சண்டைக்குப் போக வேண்டாம்! பானெட்டைத் திறந்து, அதைப் பிடித்திருக்கும் போல்ட்களின் பெயின்ட் பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஒரே கம்பெனி முத்திரையா? சின்னக் கீறல்களைப் பொருட்படுத்தாதீர்கள். நம்ம ஊர் டிராஃபிக்கில் பத்து வருஷம் ஓடி ஒரு கீறல்கூட இல்லாத வண்டியைத்தான் நான் நம்பமாட்டேன்.

போனதும் முதல் காரியமாக பானெட் மேல் கையை வையுங்கள். சுட்டால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து தயார் பண்ணியிருக்கிறார்கள். "நாளைக் காலையில் வர்றேன், நான் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று திரும்பிவிடுங்கள். ஆறின இன்ஜின்தான் உண்மையைப் பேசும். முதல் ஸ்டார்ட்டில் பின்னால் ஒரு ஆளை நிறுத்துங்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ரெண்டில் எது வந்தாலும் கும்பிடு போட்டுக் கிளம்பலாம்.

டெஸ்ட் டிரைவ் என்றால் தெருமுனை வரை போய்த் திரும்புவதல்ல. ஒரு பாலம், ஒரு மோசமான ரோடு, ஒரு நெரிசல் மூன்றும் சேர்த்துப் பதினைந்து கிலோமீட்டராவது ஓட வேண்டும். ஏ.ஸி.யை முழுசாகப் போட்டு ஓட்டுங்கள். ரேடியோவை அணைத்துவிடுங்கள், புரோக்கரையும் முடிந்தால்! முக்கியமாக, அம்மாவை அழைத்துப் போங்கள். மூணாவது வரிசையில் யார் உட்காரப் போகிறாரோ அவர்தான் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கு அந்த இடுக்கில் நுழைவது பெரும்பாடு. பின்ஸீட்டுக்காரர்களுக்குக் கூரையில் தனி ஏ.ஸி. எல்லா எர்ட்டிகாவிலும் கிடையாது. அதையும் பாருங்கள்.

ஏர்பேக்கும் அப்படித்தான். ஏ.பி.எஸ். பிரேக் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் அதே வருஷம் ஜூலையில். பக்கத்து ஸீட்டுக்கு 2021 டிசம்பர் 31-லிருந்துதான். அதற்கு முந்தைய வண்டிகளில் விலை குறைந்த மாடல்களில் இரண்டும் இல்லாமல் இருக்கலாம். முப்பதாயிரம் அதிகமானாலும் ஏர்பேக், ஏ.பி.எஸ். உள்ள மாடலைத் தேடுங்கள். ஸீட் கவர், மியூஸிக் சிஸ்டம் எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஏர்பேக்கைக் கடையில் வாங்கி மாட்ட முடியாது.

மெக்கானிக்கை நீங்களே கூட்டிப் போங்கள். ஆயிரமோ ரெண்டாயிரமோ கொடுங்கள், தயங்காதீர்கள். "நம்ம மெக்கானிக்கே இருக்கான் ஸார்" என்று புரோக்கர் ஒருத்தரைக் காட்டுவார். மாப்பிள்ளை வீட்டாரே ஜோசியரையும் அழைத்து வந்த மாதிரி.

காகிதம் பேசட்டும்

அரசாங்கத்தின் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரை, வண்டி மேல் கடன் இருக்கிறதா என்று தெரியும். கடன் இருந்தால், அடைத்ததற்கு பேங்க்கின் என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம் கைக்கு வராமல் பணம் கைமாறக் கூடாது. "அடுத்த வாரம் வாங்கித் தர்றேன் ஸார்" என்றால் பணத்தையும் அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

வெளிமாநில வண்டி, குறிப்பாக டெல்லி நம்பர், ஆச்சரியமான விலைக்கு வரும். பத்து வருஷமான டீசல் வண்டிகளுக்கு அங்கே 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது நினைவிருக்கலாம். மலிவாகத் தெரியும் அந்த விலையோடு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, லைஃப் டாக்ஸ் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பல சமயம் உள்ளூர் வண்டியே தேவலை என்றாகிவிடும்.

பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29, 30. "கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நீங்க மெதுவா மாத்திக்குங்க" என்பார் ஓனர். அவருக்கே அது ஆபத்து என்று பாவம் அவருக்குத் தெரியாது. 2007-ல் விற்று, பல கை மாறி, பெயர் மட்டும் மாறாமலிருந்த ஒரு கார் 2009-ல் விபத்தில் மாட்டியது. நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வாங்குகிற உங்களுக்கும் சிக்கல் உண்டு. பதினாலு நாளுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்றாமல் இடித்துக்கொண்டால் உங்கள் வண்டி ரிப்பேருக்குக் கம்பெனி கையை விரிக்கும். பழைய ஓனரின் நோ-க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும்.

பேரத்துக்குப் போகும்போது கையில் இருக்கும் நாலரையையும் வண்டிக்கே கொட்டிவிடாதீர்கள். மூணு லட்சத்துத் தொண்ணூறாயிரம் வரைதான் வண்டி. அறுபதாயிரம் பாக்கெட்டில். நல்ல வண்டியானாலும் வந்த முதல் மாசத்தில் ஆயில், பிரேக் பேட், பேட்டரி என்று கேட்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 1819 என்றால் 2019-ல் பதினெட்டாவது வாரம் தயாரித்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், ஆறேழு வருஷமான ரப்பர் கிழவன்தான். நாலு டயர் இருபதாயிரத்துக்கு மேல். அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பேரம் நடக்கும்போது வீட்டம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "கலர் ரொம்ப நல்லாருக்குங்க!" என்று அவர் வாய் தவறிச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மார்க்கெட் ரேட் பத்தாயிரம்.

எல்லாம் முடிந்து, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்புவதற்கு முன் ஒன்று கேட்டு வாங்குங்கள். ரெண்டாவது சாவி! "எங்கேயோ இருக்கு ஸார், தேடி அனுப்பறேன்" என்பார். அந்த 'எங்கேயோ' எங்கே என்று தெரிகிற வரை கடைசி ஐயாயிரம் உங்களிடமே இருக்கட்டும்.